ரிப்பேர் பார்க்க வந்து கலந்துவிட்டுப் போகும் நொதிகள்

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட டிஹெச்5-ஆல்ஃபா என்ற பெயர் பழக்கமாகியிருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு ரகம் அது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஐஸில் வைத்து, பிளாஸ்மிட் என்ற வட்டமான சிறு டி.என்.ஏ.வைச் சேர்த்து, 42 டிகிரி தண்ணீரில் முக்கால் நிமிடம் வைத்து, திரும்ப ஐஸில் போட்டு, பிளேட்டில் பரப்பிவிட்டால் மறுநாள் காலை காலனிகள் வந்திருக்கும். எம்.எஸ்சி. பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். அந்த ரகத்தின் விவரத்தாளில் மரபணு விவரம் நீளமாக ஒரு வரி இருக்கும், அதன் நடுவே ரெக்-ஏ-1 என்று ஒரு சொல்லும் இருக்கும். அதை யாரும் நின்று படிப்பதில்லை.

படித்தால் என்ன தெரியும்? அந்தப் பாக்டீரியாவில் ரெக்-ஏ என்கிற நொதி கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். 352 அமினோ அமிலம் உள்ள புரதத்தில் 160-ஆவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான், நொதி செத்துவிட்டது. வேண்டுமென்றேதான் இப்படிப்பட்ட ரகத்தை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ரெக்-ஏ வேலை செய்தால், நாம் கொடுத்த பிளாஸ்மிடில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு துண்டுகளை அது கண்டுபிடித்து, வெட்டி ஒட்டி, நாம் கட்டியதை வேறு எதுவாகவோ ஆக்கிவிடலாம். ஆக, டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலையை நாம் செய்வதற்காக, அதே வேலையைத் தெரிந்த ஆளை முதலில் வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறோம். இந்த ஆள் யார், இவனோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் யார், ஒற்றைச் செல் உயிரிகளுக்குள் இவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். மறுசேர்க்கை என்றால் பாடப்புத்தகத்தில் அப்பா குரோமோசோமும் அம்மா குரோமோசோமும் குறுக்கே கலந்து புதுச் சேர்மானம் உண்டாவது என்று போட்டிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, இந்த நொதிகள் எல்லாம் வகைவகையான பிள்ளைகளைப் பெறுவதற்காகவே உண்டானவை என்று நினைத்துக்கொள்கிறோம். பாக்டீரியாவுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளைப்பேறும் இல்லை. இரண்டாகப் பிளந்து போய்க்கொண்டே இருக்கும். அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய நொதிப் பட்டாளம்? என் கருத்து, இந்தத் துறையில் இருக்கிற பலரின் கருத்தும் இதுதான்: இவை அடிப்படையில் ரிப்பேர் ஆட்கள். அறுந்த டி.என்.ஏ.வை, அதே எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நாலு அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்) உள்ள இன்னொரு பிரதியைப் பார்த்துச் சரிசெய்வதுதான் அன்றாட வேலை. அந்தப் பிரதி கொஞ்சம் வேறுபட்டதாக இருந்துவிட்டால் கலப்பு நடந்துவிடுகிறது.

இது கண்டுபிடிப்பு நடந்த வழியிலேயே தெரிகிறது. 1946-இல் ஜோஷுவா லெடர்பர்க்கும் எட்வர்ட் டாட்டமும் ஈ.கோலையின் கே-12 ரகத்தில் இரண்டு ஊனமான வகைகளை ஒன்றாகக் கலந்தார்கள். ஒன்றுக்குச் சில சத்துகளைத் தானே செய்துகொள்ள முடியாது, மற்றதற்கு வேறு சிலவற்றை முடியாது. அந்தச் சத்துகள் எதுவும் இல்லாத பிளேட்டில் பரப்பினால் இரண்டும் செத்துப்போக வேண்டும். ஏறக்குறைய கோடியில் ஒன்று பிழைத்தது. பாக்டீரியாக்கள் மரபணு கொடுக்கல் வாங்கல் செய்கின்றன என்பது அப்படித்தான் வெளியே வந்தது. வந்த டி.என்.ஏ. உள்ளே சும்மா மிதந்தால் போதாது, குரோமோசோமில் சேர வேண்டும். சேர்த்துவைப்பது யார் என்ற கேள்விக்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று.

1965-இல் பெர்க்லியில் ஜான் கிளார்க்கும் ஆன் டீ மார்குலீஸும் செய்தது எளிமையான, அதே சமயம் கொஞ்சம் முரட்டுத்தனமான வழி. ரசாயனத்தால் பாக்டீரியாவின் மரபணுக்களைக் கண்டபடி கெடுத்தார்கள். பிறகு காலனி காலனியாக, மரபணு கொடுக்கும் ரகத்தோடு சேரவிட்டு, எந்தக் காலனி வாங்கிய டி.என்.ஏ.வைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது. கிடைத்த ரகங்கள் புற ஊதாக் கதிருக்கும் தாங்கவில்லை, சாதாரண பாக்டீரியா பொருட்படுத்தாத அளவிலேயே மடிந்தன. சேர்க்கத் தெரியாதது ஏன் கதிர்பட்டும் சாக வேண்டும்? இரண்டும் ஒரே நொதியின் வேலை என்பதால்தான்.

இதை இன்றைக்கும் ஒரு பிளேட்டில் பார்க்கலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். அகர் பிளேட்டில் இடமிருந்து வலமாக நாலைந்து கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு ரகம். மேலே ஓர் அட்டையை வைத்து மூடி, கிருமிநாசினி விளக்கின் கீழ் பிடித்துக்கொண்டு, சில வினாடிகளுக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஆக, ஒரு ஓரத்தில் கதிரே படாது, மறு ஓரத்தில் மிக அதிகம். அப்புறம் பிளேட்டை அலுமினிய ஃபாயிலில் சுற்றி இருட்டில் வளர்க்க வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் வெளிச்சம் பட்டால் வேறொரு நொதி வந்து கதிர் உண்டாக்கிய கோளாறைச் சரிசெய்துவிடும், சோதனை பாழ். மறுநாள் காலை பிரித்துப் பார்த்தால் சாதாரண ரகத்தின் கோடு நீளமாகப் போயிருக்கும். ரெக்-ஏ கெட்டதன் கோடு அட்டை மூடியிருந்த இடத்தோடு, ஆணி அடித்ததுபோல், நின்றிருக்கும். ரெக்-ஏ.வோடு இன்னொரு ரிப்பேர் மரபணுவையும் சேர்த்துக் கெடுத்த ரகம் இருக்கிறது. அதைக் கொல்லக் குரோமோசோம் முழுவதிலும் ஒன்றிரண்டு கோளாறுகளே போதும்.

சரி, ரெக்-ஏ என்னதான் செய்கிறது? 1979-இல், சுத்தம் செய்து எடுத்த புரதத்தைக் குழாயில் போட்டுப் பார்த்து, இரண்டு குழுக்கள் விடை சொன்னார்கள். யேலில் சார்லஸ் ராடிங்கின் ஆய்வகம் (டகேஹிகோ ஷிபாட்டாவும் சஞ்சல் தாஸ்குப்தாவும் அதில் இருந்தவர்கள்), ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் லேமனின் ஆய்வகம். ஓர் ஒற்றை இழை டி.என்.ஏ., ஓர் இரட்டை இழை டி.என்.ஏ., ரெக்-ஏ, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. இவ்வளவுதான் குழாயில். ஒற்றை இழை, தன் எழுத்துகளோடு பொருந்தும் இடத்தைத் தேடிப்போய், இரட்டை இழையைத் திறந்து உள்ளே புகுந்துகொண்டது. உயிருள்ள செல் எதுவும் இல்லாமல் மறுசேர்க்கையின் நடுக்கட்டம் குழாய்க்குள் நடந்துவிட்டது.

ஒற்றை இழை மேல் ரெக்-ஏ உட்காரும் விதம், வாழைநாரில் பூத் தொடுப்பதுபோல். ஒரு புரதம் மூன்று எழுத்தைப் பிடிக்கும், ஆறு புரதம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சுற்று. தொடுத்து முடித்த சரத்தில் டி.என்.ஏ. வழக்கமான நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இழுபட்டிருக்கும். ஆனால் சீராக இழுபடவில்லை. 2008-இல் நிகோலா பாவ்லெடிச்சின் குழு படிகமாக்கிப் பார்த்தபோது, மும்மூன்று எழுத்துகள் இயல்பான நெருக்கத்திலேயே இருந்தன, ஒவ்வொரு மூன்றுக்கும் இடையில்தான் இடைவெளி. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதலில் ஏறத்தாழ எட்டு எழுத்து பொருந்துகிறதா என்று தொட்டுப் பார்க்கிறது, பொருந்தாவிட்டால் உடனே விட்டுவிடுகிறது, பொருந்தினால் அதற்குமேல் மும்மூன்றாகச் சரிபார்த்துக்கொண்டு போகிறது என்று தனித்தனி மூலக்கூறுகளைப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. படிகத்தில் கண்ட மூன்றும் வேலையில் கண்ட மூன்றும் ஒன்றே.

ஈ.கோலையில் 46 லட்சம் எழுத்து இருக்கிறது. நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும் நூல், ஒன்றிரண்டு மைக்ரான் நீள செல்லுக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் அறுந்த முனை தன் ஜோடியைத் தேட வேண்டும். 2021-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான் எல்ஃபின் குழு உயிருள்ள செல்லில் ஒரு வெட்டைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தோடு பார்த்தார்கள்: தேடல் ஒன்பது நிமிடத்துக்குள், முழு ரிப்பேரும் சராசரியாகப் பதினைந்து நிமிடத்தில். ரெக்-ஏ சரம் மெல்லிய நூலாகச் செல்லின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீண்டுவிடுகிறது, அதனால் ஜோடி எங்கே இருந்தாலும் சரத்தின் ஏதோ ஓர் இடம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். தேடும் பரப்பு சுருங்கிவிடுகிறது.

ஆனால் ரெக்-ஏ உட்கார ஒற்றை இழை வேண்டுமே. அறுந்த முனையில் இரண்டு இழையும் இருக்கும். அதைத் தயார்செய்வது ரெக்-பி.சி.டி., மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு யந்திரம். இரண்டு மோட்டார்கள், இழைக்கு ஒன்று. வினாடிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் எழுத்து வேகத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்துக்கொண்டு ஓடும், ஓடும்போதே இழைகளைக் கடித்துத் துப்பிக்கொண்டும் போகும். உள்ளே நுழையும் வைரஸ் டி.என்.ஏ.வுக்கு இது எமன். தன் குரோமோசோம் அறுந்தாலும் இப்படித் தின்றுகொண்டே போனால் என்ன ஆவது? எங்கோ நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அந்த நிறுத்தல் அடையாளம் 1970-களில், லாம்டா என்ற வைரஸை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. ஓரிகனில் இதில் பெரும் பங்கு ஃபிராங்க் ஸ்டாலுடையது (டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்று மெசல்சனோடு நிரூபித்த அதே ஸ்டால்). சில மரபணு நீக்கிய லாம்டா, பாக்டீரியாப் படலத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளைத்தான் உண்டாக்கும். அதற்கு நடுவே சிலது பெரிய ஓட்டை போட்டன. ஏன் என்று தோண்டியதில், அவற்றில் தற்செயலாக ஒரு எழுத்து மாறி எட்டெழுத்து வரிசை ஒன்று உண்டாகியிருந்தது: ஜி சி டி ஜி ஜி டி ஜி ஜி. அதற்கு வைத்த பெயர் கிரேக்க எழுத்தின் பெயர், உச்சரிப்பு 'கை'. தமிழில் சொல்லும்போது சிரிப்பு வரும், ஆனால் பொருத்தம்தான், இது ரயில் பாதையில் நிற்கும் கைகாட்டியின் வேலையைத்தான் செய்கிறது. ஓடி வரும் ரெக்-பி.சி.டி. அதைக் கண்டதும் சில வினாடி நிற்கும், பிறகு பாதி வேகத்தில் புறப்படும், அதற்குமேல் ஓர் இழையைக் கடிக்காமல் விட்டுவைக்கும், அதன்மேல் ரெக்-ஏ.வைத் தானே எடுத்து உட்காரவும் வைக்கும். தின்ன வந்தது ரிப்பேருக்குத் தயார்செய்கிறது.

எட்டெழுத்து வரிசை ஒன்று 46 லட்சம் எழுத்தில், இரண்டு இழையும் சேர்த்து, தற்செயலாக வந்தால் நூற்று நாற்பது சொச்சம் முறை வரலாம். ஈ.கோலையில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறது. இந்தக் கைகாட்டி ஒரு திசையிலிருந்து வரும் நொதிக்குத்தான் தெரியும்; எதிர்த்திசையில் வந்தால் வெறும் எழுத்து. ஆயிரத்தில் முக்கால்வாசிக் கைகாட்டிகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்றால், டி.என்.ஏ. நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு இழையும் பிரியும் அந்தக் கவட்டை முறிந்துவிட்டால், முறிந்த முனையிலிருந்து திரும்பி ஓடி வரும் நொதிக்குத் தெரியும் திசையில். பக்கத்து பாக்டீரியாவிடம் வாங்கிய டி.என்.ஏ.வைச் சேர்த்துக்கொள்ள இப்படி நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நகலெடுக்கும்போது முறிவது அன்றாட விபத்து, அதற்காக நிறுத்திவைத்ததுபோல்தான் இருக்கிறது. ரிப்பேர்தான் மூல வேலை என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இந்த நொதி ஓடுவதை நேரிலேயே பார்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஸ்டீஃபன் கோவால்சிகோவ்ஸ்கியின் குழு, 2001-இல். ஒரு மைக்ரான் அளவு பிளாஸ்டிக் மணியில் லாம்டா டி.என்.ஏ.வின் ஒரு முனையை ஒட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் ஒளியால் மணியைப் பிடித்து நிறுத்தி, நீரோட்டம் விட்டால் டி.என்.ஏ. வால்நட்சத்திரத்தின் வால்போல் நீளும். அடுத்த முனையில் ஒரே ஒரு ரெக்-பி.சி.டி. மூலக்கூறு. ஏ.டி.பி. உள்ள நீருக்கு நகர்த்தியதும் வால் கண்ணெதிரே சுருங்க ஆரம்பிக்கும். அப்படி அளந்ததுதான் வினாடிக்கு ஆயிரம். ஒரே பாட்டிலிலிருந்து எடுத்த, எழுத்துக்கு எழுத்து ஒன்றான நொதிகளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று தன் வேகத்தை வழியில் மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் எரிபொருளை எடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துத் திரும்பக் கொடுத்தால் அதே மூலக்கூறு வேறு வேகத்தில் கிளம்பலாம் என்று 2013-இல் காட்டினார்கள். லட்சம் கோடி மூலக்கூறுகளின் சராசரியைக் குழாயில் அளந்துகொண்டிருந்தால் இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

மருந்துக்கடைப் பக்கம் ஒரு எட்டு போய்வரலாம். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவில் டி.என்.ஏ. முறிவை உண்டாக்கித்தான் கொல்கிறது. முறிந்ததும் ரெக்-பி.சி.டி. வரும், ரெக்-ஏ சரம் கட்டும், அந்தச் சரம் இன்னொரு காரியமும் செய்யும்: லெக்ஸ்-ஏ என்ற பூட்டுப் புரதத்தைத் தன்னைத்தானே வெட்டிக்கொள்ள வைக்கும். பூட்டு போனதும் நாற்பதுக்கும் குறையாத மரபணுக்கள் ஒரே சமயத்தில் விழித்துக்கொள்ளும். எஸ்.ஓ.எஸ். என்று இதற்குப் பெயர். மிரோஸ்லாவ் ராட்மன் வைத்தது. விழித்தவற்றில் சில, பிழையோடாவது எழுதி முடித்துவிடும் அவசர நகலெடுப்பு நொதிகள். ஆக, மருந்து போட்ட அடியே பாக்டீரியாவில் புதுப் பிழைகளை, சில சமயம் மருந்துக்கு மசியாத பிழையையும் உண்டாக்கலாம். ரெக்-ஏ.வை முடக்கும் துணை மருந்து ஒன்றைத் தேடுகிறவர்கள் இதனால்தான் தேடுகிறார்கள். காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ.வில் இன்னொரு விசித்திரம்: புரதம் உண்டாகும்போது நடுவில் 440 அமினோ அமிலம் நீளத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு துண்டு சேர்ந்தே வருகிறது, பிறகு அது தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறி, இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட்டுப் போகிறது. 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் கண்டது. இந்தக் கிருமியின் ரெக்-ஏ பற்றிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. முனியப்பாவின் குழுவும் வெகுகாலம் வேலை செய்திருக்கிறது.

பாக்டீரியாவை விட்டு ஈஸ்டுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறும். ரொட்டி ஈஸ்டும் ஒற்றைச் செல்தான், ஆனால் அதற்குக் கல்யாணம் உண்டு. பசி வந்தால் இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ள செல், நாலு வித்துகளாகப் பிரிந்து ஒரு பைக்குள் உட்காரும். அந்தப் பையின் தோலை நொதியால் இளக்கி, நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசி நுனியால் வித்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். கை பழகும்வரை பிராணன் போகும் வேலை. பலன்: அப்பாவிடமிருந்து இரண்டு, அம்மாவிடமிருந்து இரண்டு என்று வர வேண்டிய குணம், சில பைகளில் மூன்றுக்கு ஒன்று என்று வரும். ஓர் எழுத்து, பக்கத்து இழையைப் பார்த்துத் திருத்தப்பட்டுவிட்டது என்று பொருள். இந்த மூன்றுக்கு ஒன்றை விளக்கத்தான் ராபின் ஹாலிடே 1964-இல், இரண்டு டி.என்.ஏ.வும் இழை மாற்றிக்கொண்டு நாற்சந்தியாக நிற்கும் ஒரு படம் வரைந்தார். அந்த நாற்சந்தியை வெட்டும் நொதி, ரூவ்-சி, ஈ.கோலையிலிருந்து 1991-இல் கைக்கு வந்தது.

இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது, என் வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சலானது. வித்து உண்டாகும்போது ஈஸ்ட் விபத்துக்குக் காத்திருப்பதில்லை. தானே தன் டி.என்.ஏ.வை நூற்றைம்பது இடத்துக்கு மேல் வெட்டிக்கொள்கிறது, அதில் தொண்ணூறு சொச்சம் குறுக்குக் கலப்பாக முடிகிறது. இங்கே கலப்புதான் நோக்கம், மறுக்க முடியாது. ஆனால் வெட்டியதற்கு அப்புறம் வேலைக்கு வருவது ரெக்-ஏ.வின் உறவுக்காரர்களான ராட்51-உம் டி.எம்.சி.1-உம், ரிப்பேர் பட்டறையைத்தான் ஈஸ்ட் கல்யாண வேலைக்கும் வாடகைக்கு எடுத்திருக்கிறது. வெட்டும் கத்தி ஸ்போ11 என்று 1997-இல் தெரிந்தது, அதுவும் இரண்டு பக்கமிருந்து. ஸ்காட் கீனியும் நான்சி கிளெக்னரும், வெட்டிய டி.என்.ஏ. முனையில் ஒட்டிக்கொண்டே நின்றுவிட்ட புரதத்தைப் பிடித்தார்கள். அதே வருஷம், சூடான அமில ஊற்றில் வாழும் சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியாவில் (பாக்டீரியாபோல் தெரிந்தாலும் வேறு குலத்து ஒற்றைச் செல் உயிரி) டி.என்.ஏ.வின் முறுக்கு நீக்கும் நொதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குழு, அதன் எழுத்துகள் ஸ்போ11-ஐ ஒத்திருப்பதைக் கண்டது. பெயர் தெரிந்துவிட்டது, ஆனால் ஸ்போ11-ஐக் குழாயில் போட்டால் வெட்டவே வெட்டாது. அதை வெட்டவைக்க 2025 வரை ஆயிற்று, அதுவும் ஈஸ்டினுடையது இல்லை, எலியின் ஸ்போ11. ஒரு பெயருக்கும் ஒரு குழாய்ச் சோதனைக்கும் நடுவே 28 வருஷம்.

எந்த உயிரியை எடுத்துப் படிக்கிறோம் என்பதும் விளையாடும். ஹாலிடே அந்த நாற்சந்தியை யோசித்தபோது அவர் கையில் இருந்தது மக்காச்சோளக் கதிரில் கறுப்புக் கட்டி உண்டாக்கும் உஸ்டிலாகோ என்ற பூஞ்சை. செடிக்கு வெளியே ஈஸ்ட்போல ஒற்றைச் செல்லாக வளரும், மெக்சிகோவில் அந்தக் கட்டியைச் சமைத்தும் சாப்பிடுவார்கள். மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பி.ஆர்.சி.ஏ.2 புரதம் மனிதச் செல்லில் ராட்51-ஐ டி.என்.ஏ. மேல் ஏற்றிவிடும் ஆள். அதன் சின்ன உருவம் ஒன்று, பி.ஆர்.ஹெச்.2 என்ற பெயரில், இந்தச் சோளப் பூஞ்சையில் 2002-இல் கிடைத்தது. மனிதப் புரதம் மிகப் பெரியது, சுத்தம் செய்து எடுப்பது கஷ்டம். இது சிறியது, கைக்கு அடங்கியது, அதனால் பி.ஆர்.சி.ஏ.2 என்ன செய்கிறது என்பதை இதில் வைத்து முன்னாலேயே பார்க்க முடிந்தது. உலகமெல்லாம் படித்த ரொட்டி ஈஸ்டில் எத்தனை வருஷம் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது, அதில் அந்த மரபணுவே கிடையாது.